கரைசல் கேப்சூலிலிருந்து திடச் சிதறல் மாத்திரை வரை: ரிட்டோனவிர் மருந்தின் நிகழ்வு ஆய்வு

நீரில் கரையாத மருந்தைக் கரைய வைக்க என்ன வழி என்று கேட்டால், மருந்தாக்கவியல் மாணவர்கள் ஐந்தாறு உத்திகளை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். துகளைப் பொடியாக்கு, உப்பாக மாற்று, எண்ணெயில் கரை, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளைய மூலக்கூறில் பொதி, பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்குள் மருந்தைப் பரப்பித் திடச் சிதறலாக்கு. பட்டியல் சரிதான். ஆனால் எதை எப்போது கையில் எடுப்பது, எடுத்தது கைவிட்டால் என்ன நடக்கும் என்பது பட்டியலில் இராது. ஒரு மருந்தைத் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து போனால்தான் அது தெரியும். அதற்கு, எச்.ஐ.வி. தொற்றுக்குக் கொடுக்கும் ரிட்டோனவிரை விடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை.

இதில் வரும் ஆய்வாளர்களின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இங்கே தேவையில்லை. நடந்ததை அவர்களே 2000, 2001 ஆண்டுகளில் அறிவியல் இதழ்களில் ஒளிவு மறைவின்றி எழுதிவிட்டார்கள். தோல்வியை இவ்வளவு விரிவாக வெளியே சொன்ன மருந்து நிறுவனங்கள் குறைவு. அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பின்னணி

1990-களின் நடுப்பகுதியில் எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து என்பது உயிர்ப்பிரச்சினை. வைரஸ் பெருகத் தேவையான நொதியை முடக்கும் புரோட்டியேஸ் தடுப்பிகள் என்ற புதிய மருந்து வகை வந்துகொண்டிருந்தது. அந்த வகையைச் சேர்ந்த ரிட்டோனவிருக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ஒப்புதல் வர ஆன காலம் 72 நாள். நோயாளிகள் இறந்துகொண்டிருந்த நேரம் என்பதால் அந்த அவசரத்தைக் குறை சொல்ல முடியாது.

மருந்தின் இயல்போ அவசரத்துக்கு ஒத்துழைப்பதாக இல்லை. மூலக்கூறு எடை ஏறத்தாழ 721. கொழுப்பை நாடும் தன்மை மிகுதி. மிகவும் பலவீனமான காரம் என்பதால், இரைப்பையின் கடும் அமிலத்தில் ஓரளவு கரையும். குடலுக்கு வந்ததும் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். அன்றைய வேளை அளவு 600 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குடலின் அமிலநிலையில் ஒரே ஒரு வேளை மருந்து முழுதாகக் கரைய நூறு லிட்டருக்கு மேல் திரவம் வேண்டும். மனிதக் குடலில் இருப்பதோ ஒரு குவளை அளவுகூட இல்லை.

கரைதல் வீதத்தை முடிவு செய்பவை எவை என்பதை 1897-இல் நாய்ஸும் விட்னியும் தொடங்கிவைத்த சமன்பாடு சொல்லிவிடுகிறது. திரவத்தைத் தொடும் பரப்பு ஒன்று. தெவிட்டுநிலைச் செறிவுக்கும் (திரவம் கரைக்கக்கூடிய உச்ச அளவு) அப்போதைய செறிவுக்கும் உள்ள இடைவெளி மற்றொன்று. மருந்தை எவ்வளவு நைஸாக அரைத்தாலும் பரப்புதான் கூடும், தெவிட்டுநிலை அசையாது. ரிட்டோனவிரில் இடறியது இரண்டாவது. படிகத்தைப் பொடியாக்கிக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தால் இரத்தத்தில் மருந்து ஏறாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது.

முதல் முடிவு: கரைத்தே கொடுப்பது

குடல் கரைக்காது என்றால் நாமே கரைத்துக் கொடுத்துவிடுவோம் என்று குழு முடிவெடுத்தது. ஆல்கஹால், புரொப்பிலீன் கிளைக்கால், எண்ணெய்ப் பொருள்கள், சோப்புபோல் எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பரப்பு இயங்கிகள் கலந்த ஊடகத்தில் மருந்தைக் கரைத்து, அரைத்திடக் கலவையாகக் கேப்சூலில் நிரப்பினார்கள். கூடவே குடிக்கும் கரைசல் ஒன்றும் வந்தது: மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் மருந்து, ஆல்கஹால் மட்டுமே கனஅளவில் 43 சதவீதம்.

அன்று தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவு. மருந்து ஏற்கெனவே கரைந்த நிலையில் இருப்பதால் குடலில் கரைதல் என்ற படியே இல்லை. ஒரே மூலக்கூறு வெவ்வேறு விதமாக அடுக்கிக்கொண்டு வெவ்வேறு படிக வடிவங்களாகலாம். ரிட்டோனவிரில் அன்று தெரிந்திருந்த படிக வடிவம் ஒன்றே ஒன்று. அதைப் பொறுத்தவரை கரைசல் தெவிட்டவும் இல்லை. மருந்து திரவத்தில் கரைந்திருக்கும் தயாரிப்பு என்பதால் படிக வடிவக் கட்டுப்பாடு அவசியம் என்று அன்றைய நெறிமுறைகளும் கேட்கவில்லை. கரைந்துவிட்ட சர்க்கரைக்குப் படிகம் ஏது என்று நாம் நினைப்பதைப் போன்ற எண்ணம்தான்.

இந்த எண்ணத்தில் ஒரு விரிசல் இருந்தது. ஒரு கரைசல் தெவிட்டியதா இல்லையா என்பதை எந்தப் படிகத்தை வைத்து அளக்கிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது. இன்னும் கண்ணில் படாத, இதைவிட நிலையான படிகம் ஒன்று இருந்தால், இன்று தெவிட்டாத கரைசல் அதன் கணக்கில் மிகைச்செறிவுக் கரைசல், அதாவது தாங்கக்கூடியதைவிட அதிக மருந்தைச் சுமக்கும் கரைசல். மனிதர்களுக்குத் தெரியாவிட்டாலும் மூலக்கூறுகள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை.

1998: டிசல்யூஷனில் தோற்ற பேட்ச்கள்

சுமார் 240 பேட்ச் கேப்சூல்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் வெளியேறின. 1998-இன் நடுவில் சில பேட்ச்கள், மருந்து குறித்த நேரத்தில் கரைகிறதா என்று பார்க்கும் டிசல்யூஷன் சோதனையில் திடீரெனத் தோற்றன. உட்பொருள்கள் மாறவில்லை, செய்முறை மாறவில்லை, எந்திரமும் அதேதான்.

கேப்சூலை உடைத்து உள்ளிருந்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கரைசலாக இருக்க வேண்டிய இடத்தில் படிகங்கள் வீழ்ந்து கிடந்தன. படிகத்துக்குள் மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை அதுவரை காணாத ஒரு கோலத்தைக் காட்டியது. மூலக்கூறு அதே ரிட்டோனவிர், அடுக்கு வேறு. பழையதற்கு வடிவம் 1 என்றும் புதியதற்கு வடிவம் 2 என்றும் பெயரிட்டார்கள். புதியது வெப்ப இயக்கவியல்படி மேலும் நிலையானது. ஆகவே கரைதிறன் வெகுவாகக் குறைந்தது. கேப்சூலுக்குள் இருந்த கரைசல் வடிவம் 2-ஐப் பொறுத்தவரை 400 சதவீத மிகைச்செறிவில் இருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

இந்த இடத்தில் டிசல்யூஷன் சோதனைக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒப்புக்குச் செய்யும் சோதனை என்று பலரும் அதை நினைப்பதுண்டு. இந்த நிகழ்வில் முதலில் மணியடித்தது அதுதான். மருந்தின் அளவைச் சோதித்திருந்தால் 100 சதவீதம் என்றே காட்டியிருக்கும். தூய்மையும் சரியாகவே இருந்திருக்கும். வேதியியலில் ஒரு குறையும் இல்லாத கேப்சூல், நோயாளிக்குப் பயன்படாத கேப்சூலாகியிருந்தது.

விதை பரவியது

அடுத்த சில வாரங்களில் நடந்ததை முதன்முறை படிப்பவர்கள் நம்பத் தயங்குவார்கள். வடிவம் 2 மேலும் மேலும் பேட்ச்களில் தலைகாட்டியது. மூலமருந்து தயாரிக்கும் இடத்திலும் அது வந்துவிட்டது. வடிவம் 2-ஐக் கையாண்ட ஆய்வகங்களில் மறுபடியும் தூய வடிவம் 1-ஐப் படிகமாக்குவது பெரும்பாடாகிவிட்டது. இத்தாலியில் இருந்த மூலமருந்து ஆலையில் அதுவரை வடிவம் 2 இல்லை. நிலைமையை ஆராயப் போன குழு அங்கே சென்று திரும்பியபின், அந்த ஆலையின் உற்பத்தியிலும் அது தென்படத் தொடங்கியது. ஆடையிலோ கருவியிலோ ஒட்டிவந்த கண்ணுக்குத் தெரியாத துகள் போதுமானதாக இருந்திருக்கலாம். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போல, மிகைச்செறிவில் இருக்கும் கரைசலுக்கு ஒரு துளி விதை போதும்.

அப்படியானால் இரண்டாண்டுகள் அது எங்கே போயிருந்தது? குழு கண்டறிந்த விடை மருந்தின் மூலக்கூறு வடிவிலேயே இருந்தது. வடிவம் 2-இல் மூலக்கூறின் கார்பமேட் பகுதி வழக்கத்துக்கு மாறான சிஸ் நிலையில் திரும்பியிருக்கிறது. வடிவம் 1-இல் அது இயல்பான டிரான்ஸ் நிலை. கரைசலில் சிஸ் நிலை மூலக்கூறுகள் மிகக் குறைவு. அவை போதிய எண்ணிக்கையில் ஒன்றுகூடி முதல் படிகக் கருவை உருவாக்குவது அரிதினும் அரிது. ஆனால் ஒருமுறை உருவாகிவிட்டால், வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகள் அதைத் தாங்கிப்பிடிக்கும். அந்த முதல் கருவுக்கு அச்சாக இருந்தது, மருந்து சிதைந்து உண்டாகும் ஒரு கார்பமேட் துணைப்பொருளாக இருக்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு. அதன் அமைப்பு வடிவம் 2-இன் அடுக்கை ஒத்திருந்தது.

அவசர முடிவுகள்: 1998–1999

கேப்சூல் சந்தையிலிருந்து போனது. நோயாளிகளுக்கு மருந்து நிற்கக்கூடாது என்பதால் குடிக்கும் கரைசலுக்கு மாற்றினார்கள். வேளைக்கு 7.5 மில்லிலிட்டர், சுவை நாக்கில் வைக்க முடியாதபடி கசந்தது. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக்கூடாது என்று லேபிளில் எழுதியாக வேண்டியிருந்தது. குளிர்ந்தால் கரைதிறன் குறையும், படிகம் வீழும்.

1999-இல் மென்ஜெலட்டின் கேப்சூல் வந்தது. ஒலியிக் அமிலம், எத்தனால், பாலிஆக்சில் 35 ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றைக் கொண்ட புதிய ஊடகத்தில், வடிவம் 2-இன் கரைதிறனை வைத்தே கணக்குப் போட்டு மருந்தைக் கரைத்தார்கள். படிகச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் 25 டிகிரிக்குக் கீழே 30 நாள்தான். குளிர்பதன வசதி இல்லாத வீடுகளில், வெப்ப நாடுகளில் இந்த மருந்தை வைத்திருப்பதே பெரும் கேள்விக்குறியானது. 2000-இல் இதே நிறுவனம், லோபினவிர் என்ற மற்றொரு எச்.ஐ.வி. மருந்தைச் சேர்த்துக் கொண்டுவந்த லோபினவிர்-ரிட்டோனவிர் கூட்டு மருந்தும் மென்கேப்சூல்தான். அதற்கும் குளிர்பதனம் வேண்டும், உணவோடுதான் விழுங்க வேண்டும், நாளுக்கு 6 கேப்சூல்.

இந்தக் கட்டத்தில் நின்று பார்த்தால், குழு வந்த நெருக்கடியைச் சமாளித்துவிட்டது. ஆனால் மருந்து இன்னும் திரவத்தில்தான் இருந்தது. திரவத்தில் மூலக்கூறுகள் ஓடித்திரியும், ஓடித்திரிந்தால் சந்திக்கும், சந்தித்தால் ஒருநாள் அடுக்கிக்கொள்ளும். பிரச்சினையின் வேர் அங்கேயே இருந்தது.

பாலிமருக்குள்: 2001 முதல் 2005 வரை

திடச் சிதறல், ஆங்கில வழக்கில் சாலிட் டிஸ்பெர்ஷன், அப்போது புதிதல்ல. 1961-இல் ஜப்பானைச் சேர்ந்த செகிகுச்சியும் ஓபியும் சல்ஃபாதயசோலை யூரியாவோடு சேர்த்து உருக்கி உறைய வைத்து, உறிஞ்சுதல் கூடுவதைக் காட்டினார்கள். சியோவும் ரீகல்மனும் 1971-இல் இந்தத் துறையை வகைப்படுத்தி எழுதிய கட்டுரையை இன்றும் எல்லோரும் படிக்கிறார்கள். கிரிசியோஃபுல்வின், இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் இந்த வழியில் சந்தைக்கும் வந்திருந்தன. பிறகு ஏன் 1996-இல் இதை எடுக்கவில்லை? குழுவின் உள்விவாதம் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் துறை முழுவதும் நிலவிய தயக்கம் தெரியும்: திடச் சிதறலில் மருந்து மூலக்கூறுகள் அடுக்கின்றிக் கிடக்கும் படிகமற்ற நிலை நிலையற்றது, அலமாரியில் இருக்கும்போதே படிகமாகிவிடும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மிகைச்செறிவுக் கரைசலும் அதே அளவுக்கு நிலையற்றது, அங்கே மூலக்கூறுகளின் ஓட்டம் பல்லாயிரம் மடங்கு வேகம் என்பதைத் தராசின் மறுதட்டில் வைத்தவர்கள் அன்று குறைவு.

2001-இல் நிறுவனம் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் இயங்கிய ஒரு மருந்து நிறுவனத்தை வாங்கியது. பிளாஸ்டிக் தொழிலிலிருந்து மருந்துத் தொழிலுக்கு அவர்கள் கொண்டுவந்திருந்த உருக்கிப் பிழியும் உத்தி, அதாவது ஹாட் மெல்ட் எக்ஸ்ட்ரூஷன், கூடவே வந்து சேர்ந்தது. அங்கிருந்துதான் இந்த நிகழ்வின் போக்கு மாறுகிறது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மருந்து, கோபோவிடோன் என்னும் பாலிமர், சோர்பிட்டான் மோனோலாரேட் என்னும் பரப்பு இயங்கி, சிறிது கூழ்மச் சிலிக்கா ஆகியவை இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடருக்குள் போகின்றன. சூடும் திருகுகளின் அரைப்பும் சேர்ந்து பாலிமரை இளக்க, மருந்து அதில் மூலக்கூறு அளவில் கரைகிறது. வெளிவரும் உருகலை உருளைகளுக்கிடையே விட்டுத் தட்டையாக்கிக் குளிரவைத்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பட்டை கிடைக்கும். அதை அரைத்து மாத்திரையாக அழுத்துவார்கள். கரைப்பான் ஒரு சொட்டும் இல்லை.

ரிட்டோனவிர் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சற்று மேலே உருகுவதால் இந்த முறைக்கு இடம் கொடுத்தது. 200 டிகிரிக்கு மேல் உருகும் மருந்தாக இருந்தால் பாலிமரோ மருந்தோ கருகும் அபாயம் இருந்திருக்கும். கரைப்பானில் கரைத்துத் தெளித்து உலர்த்தும் முறைக்குப் போக வேண்டியிருக்கும்.

என்னை மிகவும் கவர்வது இந்த முடிவின் ஒரு பக்கவிளைவு. எக்ஸ்ட்ரூடருக்குள் போவது வடிவம் 1 என்றாலும் வடிவம் 2 என்றாலும் உருகிய பின் இரண்டும் ஒன்றே. படிக அடுக்கு முழுதாகக் குலைந்துவிட்டால் மூலக்கூறுக்குப் பழைய அடுக்கின் நினைவு கிடையாது. எந்தப் படிகம் வந்துவிடுமோ என்று மூன்று ஆண்டுகள் அஞ்சினார்களோ, அந்தப் படிகம் இப்போது வெறும் மூலப்பொருள். முழுதாக உருகி, துளி விதைகூட மிஞ்சாமல் இருப்பது ஒன்றே நிபந்தனை. அந்த நிபந்தனைதான் இங்கே செய்முறையின் உயிர். வெப்பநிலை, எக்ஸ்ட்ரூடருக்குள் தங்கும் நேரம், திருகின் வேகம் என்று இயக்குபவர் கவனிக்கும் அளவுகள் எல்லாம் அதற்காகவே.

கண்ணாடி நிலையின் கணக்கு

படிகமற்ற ரிட்டோனவிரின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, அதாவது கண்ணாடிபோல் இறுகிய நிலை இளகத் தொடங்கும் வெப்பநிலை, 50 டிகிரியை ஒட்டியது. தனியாக வைத்தால் கோடைவெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளேயே அந்த வெப்பத்தை எட்டிவிடும். மூலக்கூறுகள் இளகி அசையத் தொடங்கும். கோபோவிடோனுக்கு அது 100 டிகிரிக்கு மேல். இரண்டும் மூலக்கூறு அளவில் கலந்தால் கலவையின் மாற்ற வெப்பநிலை இடையில் எங்கோ அமரும், பாலிமர் அதிகமாக இருந்தால் மேல்நோக்கி. சேமிப்பு வெப்பநிலை இதைவிட 50 டிகிரி கீழே இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் என்பது 1990-களிலிருந்து துறையில் கையாளும் நடைமுறை அளவுகோல். விதி என்று சொல்ல முடியாது, ஆனால் கை பிடித்து நடத்தும்.

ஈரப்பதம் இந்தக் கணக்கைக் கெடுக்கும். நீரின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை பூஜ்யத்துக்கு நூறு டிகிரிக்கும் கீழே. பாலிமர் சில சதவீத நீரை உறிஞ்சினாலே கலவை முழுவதும் இளகும். இதனால்தான் லோபினவிர்-ரிட்டோனவிர் மாத்திரையின் லேபிளில், இறுக மூடிய கொள்கலனுக்கு வெளியே அதிக ஈரப்பதத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்ற வரி இருக்கிறது. இதைப் படிக்கும் மருந்தாளுநர்கள் வழக்கமான எச்சரிக்கை என்று கடந்துபோகாமல் நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மாத்திரைகளைப் பிரித்து வாரப்பெட்டியில் அடுக்கிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

குடலில் என்ன நடக்கிறது

மாத்திரை கரையும்போது பாலிமரும் மருந்தும் சேர்ந்தே விடுபட வேண்டும். விடுபடும் மருந்தின் செறிவு படிகக் கரைதிறனைப் பல மடங்கு தாண்டும். படிகமற்ற நிலையின் கரைதிறனையும் தாண்டியபின், மிகுதி மருந்து நுண்ணிய துளிகளாகப் பிரியும். அந்தத் துளிகள் ஒரு கையிருப்பு. குடல்சுவர் மருந்தை உறிஞ்ச உறிஞ்ச, துளிகளிலிருந்து கரைந்து வந்து இடம் நிரம்பும். பாலிமர் இதற்குள் படிகக் கரு உருவாவதைத் தாமதப்படுத்தியபடி இருக்கும். மேலே ஏற்றிவிடுவது படிகமற்ற நிலை. விழாமல் பிடித்துக்கொள்வது பாலிமர். உறிஞ்சுதல் நடக்கும் சில மணி நேரம் அந்தப் பிடி தாங்கினால் போதும்.

மருந்தின் பங்கை உயர்த்தி மாத்திரையைச் சிறிதாக்கினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். ஒரு வரம்பைத் தாண்டினால் இந்த ஏற்பாடு உடைந்துவிடும். பாலிமர் மட்டும் முதலில் கரைந்து ஓடிவிட, மாத்திரையின் மேற்பரப்பில் மருந்து கொழுப்புப்போலத் தோலிட்டு நின்றுவிடும். உள்ளே இருப்பதற்கு வழி அடைபடும். அதனால்தான் இந்த மாத்திரைகள் பெரிதாகவே இருக்கின்றன.

விளைவு

2005 அக்டோபரில் லோபினவிர்-ரிட்டோனவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் வந்தது. ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராம் லோபினவிர், 50 மில்லிகிராம் ரிட்டோனவிர். நாளுக்கு 6 கேப்சூல் 4 மாத்திரையானது. உணவோடும் உணவின்றியும் எடுக்கலாம். குளிர்பதனம் தேவையில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போகும் நோயாளிக்கு இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் பெரியது.

ரிட்டோனவிர் மட்டும் கொண்ட 100 மில்லிகிராம் மாத்திரை 2010 பிப்ரவரியில் வந்தது. கேப்சூலோடு ஒப்பிட்டபோது இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவு சமமாக இருந்தது. உச்சச் செறிவு மட்டும், மிதமான கொழுப்புள்ள உணவோடு எடுத்தபோது, 26 சதவீதம் கூடியது. கேப்சூலிலிருந்து மாத்திரைக்கு மாறுபவர்களுக்கு முதலில் வயிற்றுத் தொல்லைகள் கூடலாம் என்று லேபிளில் சேர்த்தார்கள். நன்றாகக் கரைய வைத்தோம் என்று நாம் நிம்மதி கொள்ளும் இடத்தில் நோயாளிக்குக் குமட்டல் தொடங்கலாம். கரைதலை உயர்த்தும் எந்தத் திட்டத்திலும் இந்த வரியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இதற்குள் மருந்தின் வேலையும் மாறியிருந்தது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை வலுவாகத் தடுப்பதால், மற்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்திப் பிடிக்கும் துணைமருந்தாக இது சிறிய அளவில் பயன்பட்டது. 2021 இறுதியில் கொரோனா சிகிச்சைக்கு வந்த நிர்மாட்ரெல்விரோடு கொடுத்ததும் 100 மில்லிகிராம் ரிட்டோனவிர் மாத்திரைதான். குளிர்பதனம் வேண்டிய கேப்சூலாகவே நின்றிருந்தால், வீட்டில் வைத்து ஐந்து நாள் சாப்பிடும் அந்தச் சிகிச்சையை அவ்வளவு விரைவாகப் பலரிடம் கொண்டுசேர்ப்பது எளிதாக இருந்திராது.

பின்னால் தெரிந்தவை

திடச் சிதறல் மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல், பொடிக்காமல் விழுங்க வேண்டும். இதை மீறுவது எங்கே நடக்கும் என்றால், குழந்தைகளிடம். விழுங்க முடியாத குழந்தைக்குப் பொடித்துக் கொடுப்பது பெற்றோர் இயல்பாகச் செய்வது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பொடித்த லோபினவிர்-ரிட்டோனவிர் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது உடலில் சேர்ந்த மருந்தின் மொத்த அளவு பாதியை ஒட்டிக் குறைந்தது. லோபினவிர் 45 சதவீதம், ரிட்டோனவிர் 47 சதவீதம். பொடித்தால் பரப்பு கூடும், வேகமாகக் கரையும் என்று நாய்ஸ்-விட்னி பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு யோசிப்பவர் இதற்கு நேர்மாறாகத்தான் கணித்திருப்பார். அளவு இப்படிக் குறைந்தால் வைரஸ், மருந்தை எதிர்க்கும் திறன் பெற்றுவிடக்கூடும். செவிலியரும் மருந்தாளுநரும் மருந்து கொடுக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: குழந்தை முழுதாக விழுங்குமா?

இன்னொன்று. 2022-இல் ரிட்டோனவிரின் புதிய படிக வடிவம் ஒன்று வெளியே வந்தது. வெவ்வேறு குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில், படிகமற்ற மருந்தைப் படிகமாக்கியபோது அதைக் கண்டார்கள். வடிவம் 2-ஐவிட அது நிலையானதல்ல என்பதால் அச்சம் இல்லை. ஆனால் கால் நூற்றாண்டு முழுவதும் உலகமே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூலக்கூறில் இன்னும் ஒரு வடிவம் ஒளிந்திருந்தது.

இன்று தொடங்கினால் மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் மாற்றம், படிக வடிவத் தேடலைக் கரைசல் தயாரிப்புகளுக்கும் கட்டாயமாக்குவது. பல கரைப்பான்கள், பல வெப்பநிலைகள், உருகலிலிருந்து, அரைப்பிலிருந்து, சிதைவுப் பொருள்களைச் சேர்த்து. கடைசியாகச் சொன்னதை இன்றும் பலர் செய்வதில்லை. ரிட்டோனவிரில் விதைக்கு வழிவிட்டது சிதைவுப் பொருள் என்றால், மாசு என்று ஒதுக்கி வைப்பதை வேண்டுமென்றே சேர்த்துப் படிகமாக்கிப் பார்ப்பது அரைநாள் வேலைக்குத் தகும்.

அடுத்து, எந்த ஊடகத்தைத் தேர்ந்தாலும் அறியப்பட்ட மிகநிலையான வடிவத்தை வைத்தே கரைதிறன் கணக்கைப் போட வேண்டும். 1999-இன் கேப்சூல் அந்தப் பாடத்தைக் கடைப்பிடித்தது. திடச் சிதறலிலும் அதே கேள்வி உண்டு: இந்தப் பாலிமரில் இந்த வெப்பநிலையில் மருந்து உண்மையில் எவ்வளவு கரையும், அதற்கு மேல் எவ்வளவை நாம் அடைத்திருக்கிறோம்?

சோதனை முறைகளில் எனக்கு ஒரு வற்புறுத்தல் உண்டு. எக்ஸ்-கதிர்ச் சோதனையில் படிகத்துக்குரிய மேடுகள் தெரியவில்லை என்பதால் படிகமே இல்லை என்று அறிக்கையில் எழுதக்கூடாது. ஓரிரு சதவீதத்துக்குக் கீழே அந்தக் கருவிக்குக் கண் தெரியாது. ஆனால் விதைக்கு அவ்வளவு தேவையில்லை. முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், படிகத்தைக் காட்டிக்கொடுக்கும் மினுங்கும் புள்ளிகள் தெரிகின்றனவா என்று. ஆய்வகத்தின் மிக மலிவான கருவி அது. 1998-இல் கேப்சூலுக்குள் கிடந்த படிகங்களைக் காட்டியதும் நுண்ணோக்கிதான்.

டிசல்யூஷன் சோதனையையும் இந்த மருந்துக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். பரப்பு இயங்கியைத் தாராளமாகக் கொட்டிய ஊடகத்தில் எந்தத் தயாரிப்பும் 100 சதவீதம் கரைந்து நல்ல பெயர் வாங்கிவிடும். படிகமான பேட்ச்சையும் படிகமாகாத பேட்ச்சையும் அது பிரித்துக் காட்டாது. தரக்கட்டுப்பாட்டுக்கு அந்த ஊடகம் இருக்கட்டும். தயாரிப்பு வளர்ச்சிக் கட்டத்தில், முதலில் அமில ஊடகம், பிறகு குடலின் அமிலநிலைக்கு மாற்றம், மிகைச்செறிவு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்ற அளவீடு ஆகியவை தனியாக வேண்டும். வேண்டுமென்றே சிறிதளவு படிகம் கலந்த பேட்ச் ஒன்றைச் செய்து, சோதனை அதைப் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால், மாத்திரையைத் தொடாமல் முதலில் சோதனையை மாற்றுங்கள்.